ஓரத்தில் ஒரு செம்புக் கோடு

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் சண்டை வந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அவர்கள் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும். இந்த வாரம் வேறொன்று தொண்டையில் நிற்கிறது. எல்லாவற்றையும் வரிசைப்படி எழுதச் சொல்லி ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்தது. வரிசையில் நிற்க எனக்கு எந்த வயதில் தெரிந்தது?

ஆடிக் காற்று. கணேசன் ஆசாரியின் பட்டறைக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் குறட்டு முனையை வைத்து நெம்ப, காசைச் சுற்றியிருந்த வெள்ளி வளையம் 'டிக்' என்று கழன்று பலகையில் விழுந்து உருண்டது. அப்படியே காசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க ஆசாரியாரே?"

"செத்த இந்த ஓரத்தைப் பாருங்க டீச்சர்."

பார்த்தேன். மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு வெள்ளைக் கோடு. நடுவில் சிவப்பாக, காசைச் சுற்றி முழு வட்டம்.

"அழுக்கா இருக்கும். தேய்ங்க."

"தேய்ச்சா இன்னும் பளிச்சுன்னுல்ல தெரியும்" என்றார். "இது வெள்ளி இல்லீங்க. செம்புக்கு மேல வெள்ளையா ஏதோ தோல் போர்த்தியிருக்கான்."

நான் கொண்டுபோனது மூன்று காசுகள். மூன்றும் அமெரிக்க அரை டாலர். மூன்றிலும் ஒரே தலைவர் முகம், பின்னால் ஒரே கழுகு. எங்கள் வீட்டு மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. பெரியண்ணன் காசும் சின்னண்ணன் காசும் அப்போதுதான் வளையம் கழற்றப்பட்டு பலகையில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தன. ஆசாரி கையில் சிவப்புக் கோட்டோடு இருந்தது என்னுடையது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அந்தக் கதவின்மேல் காட்டினேன். "இதுக்கு ஒரு கொக்கி போடக் கூடாதாய்யா?" என்று கத்தினேன்.

பெரியண்ணன் போட்ட நிபந்தனை

பெரியண்ணன் சவரிமுத்துவுக்குத் திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்றுப்பட்டிக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் கருகிப்போனால் அங்கேதான் வரும். ஆள் தேக்கு மரம். தலைவலி மாத்திரை கூடத் தொட மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மலைக்கோட்டை ஓரமாக நடக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை வந்து சேர வேண்டும் என்று முடிவானது.

அண்ணன் வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். "அம்மா நேர்ந்த கடன் ஒண்ணு நிக்குது. அதை முடிக்காம நான் எங்கயும் வர மாட்டேன்" என்றார்.

அம்மா நேர்ந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே அந்தோணியாரிடம் சொல்லி வைத்தது. மூன்று பிள்ளைகளும் நல்லபடியாகக் கரை சேர்ந்தால், மூன்று பேர் கழுத்துக் காசையும் ஒன்றாக உருக்கி ஒரு வெள்ளி இருதயம் செய்து கோயிலில் போடுகிறேன் என்று. கை கால் சுகமானால் வெள்ளியில் கை கால் செய்து போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. நாங்கள் கரை சேர்ந்தோம். அம்மாதான் இன்றைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். காசுகள் பீரோவில் இருந்தன.

"கடையில அச்சு இருதயம் விக்கிது. ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுக் கிளம்பு அண்ணே" என்றேன்.

"அது யார் கழுத்துல கிடந்துச்சு?" என்றார்.

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. எனக்கு உள்ளே தெரியும், மனுஷனுக்குப் பயம். பயத்தைச் சொல்ல வாய் வராமல் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிகிறார். ஆனால் அவர் கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று காசையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அந்த ஓட்டம்தான் ஆசாரி பட்டறையில் முட்டிக்கொண்டு நின்றது.

கப்பல் சமையல்காரர்

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். திண்டுக்கல்காரருக்குக் கப்பலில் என்ன வேலை என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் பக்கம் குளத்தில் தண்ணீர் நின்றாலே அதிசயம். தூத்துக்குடியில் யாரோ சொந்தக்காரர் கையைப் பிடித்துப் போனாராம். போனவர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் வீடு முழுக்க மிளகும் டீசலும் கலந்த ஒரு வாசனை. பத்து நாள் அம்மாவின் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பார். அப்புறம் போய்விடுவார்.

பிள்ளை பிறந்த வருஷம் மட்டும் ஒரு அரை டாலர் கொண்டுவருவார். சம்பளத்தில் கொஞ்சம் டாலராகக் கொடுப்பார்களாம். அதில் புதுசாக, பளபளப்பாக ஒன்றைத் தேடி எடுத்து வைப்பாராம். அதை நாங்கள் கறுப்புக் கயிற்றில், மாதா சுரூபத்தோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவோம். குளிக்கும்போது நெஞ்சில் சில்லென்று ஒட்டும்.

மற்ற துறைமுகத்துச் சில்லறை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. சிலோன், மலாயா, இங்கிலாந்து. எனக்கு அந்த டின் ஒரு பைத்தியம். எது வெள்ளி, எது வெள்ளி இல்லை என்று பிரித்துப் பிரித்து வைப்பேன். நான் இயற்பியல் டீச்சர் ஆனதற்கு அந்த டின்தான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தால் அதை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் பத்தாது.

காந்தத்தில் ஒட்டாவிட்டால் வெள்ளி என்று ஊரில் சொல்வார்கள். அதைப் போல ஒரு அபத்தம் கிடையாது. செம்பிலும்தான் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும்தான் ஒட்டாது. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கும் வெள்ளிதான்.

கல்லில் போட்டுச் சத்தம் கேட்பது பரவாயில்லை. வெள்ளி இழுத்துப் பாடும், மற்றது 'டொக்' என்று வாயை மூடும். ஆனால் சத்தத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முகத்தையும் நம்பக் கூடாது. டின்னில் இருந்த இங்கிலாந்துக் காசுகளில் ஒரே ராஜா தலைதான், ஒரே தாடிதான். முதல் உலகப் போருக்கு முன்னால் அடித்தது அநேகமாக முழு வெள்ளி. போர் முடிந்த கையோடு அதே ராஜா, அதே அளவு, உள்ளே பாதிதான் வெள்ளி. இன்னொரு போர் வந்து போனதும், அவர் மகன் காலத்தில், அந்தப் பாதியும் போச்சு. ஊரை ஆண்டவன் கூட முகத்தை மாற்றாமல் உள்ளே இருப்பதை உருவியிருக்கிறான். ஆகவே ராஜாவைப் பார்க்காதே, வருஷத்தைப் பார் என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு பேசுகிறவள் சொந்தக் காசை என்றைக்காவது பார்த்தேனா? இல்லை. அது காசு என்றே எனக்குத் தோன்றியதில்லை. அது என் கழுத்துச் சாமான். தவிர, அம்மா மூன்றுக்கும் போட்டிருந்த வெள்ளி வளையம் ஓரத்தை முழுக்க மூடியிருந்தது, வருஷத்து எண்ணிலும் கீழ்ப்பாதியை விழுங்கியிருந்தது.

வளையம் கழன்ற பிறகு பட்டறையில் நின்றபடியே போனில் தேடினேன். அரை டாலருக்கும் அதே கதைதான். பெரியண்ணன் பிறந்த வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. சின்னண்ணன் வருஷத்தில் நாற்பது. நான் பிறப்பதற்குச் சற்று முன்னால் வெள்ளி போடுவதையே நிறுத்திவிட்டார்கள். வெளியே செம்பும் நிக்கலும் கலந்த தோல், உள்ளே செம்பு.

அமெரிக்காக்காரனுக்கு என்னோடு என்ன பகை?

தண்ணீரில் நிறுத்தேன்

அத்தோடு விட்டிருக்கலாம். விட என்னால் முடியாது. ஆசாரி ஒரு துளி திராவகம் விட்டுக் காட்டினார். அண்ணன் காசைச் சுரண்டிய இடத்தில் விட்டு, அதை உப்புத் தண்ணீரில் கழுவினால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிந்தது. அது வெள்ளி. என் காசில் விட்ட துளி பச்சையாக நுரைத்தது. அப்போதும் நம்பவில்லை. உங்கள் திராவகம் பழசு என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தராசை எடுத்தேன். லீவு போட்ட டீச்சர் எதற்கு வந்திருக்கிறாள் என்று வாட்ச்மேன் எட்டி எட்டிப் பார்த்தார். காசை வெளியில் நிறுத்தேன். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தேன். எவ்வளவு எடை குறைகிறதோ அதை வைத்து உலோகம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லிவிடலாம். வருஷா வருஷம் நான் நடத்துகிற பாடம்தான்.

பெரியண்ணன் காசு தண்ணீரைப் போலப் பத்து மடங்கைத் தாண்டியது. வெள்ளி.

சின்னண்ணன் காசு ஒன்பதரை பக்கம் வந்தது. பாதிக்கும் குறைவான வெள்ளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னண்ணன் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன். எந்தக் காரியத்துக்குக் கூப்பிட்டாலும் பாதி ஆள்தான் வருவான், மீதிப் பாதி கேரளா லாரிக்குப் பின்னாலேயே போய்விடும். முதல் நாள் நான் போன் செய்தபோதும் அப்படித்தான். "சொல்லும்மா பிலோ, அண்ணனுக்கு எப்படி இருக்கு... ஏனுங்க, அந்தத் தக்காளிப் பொட்டிய அடியில வெக்காதீங்க, நசுங்கிப் போகுமுங்க... ஆங், நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்மா."

என் காசு ஒன்பதுக்குக் கீழே நின்றது. மறுபடி நிறுத்தேன். நூலை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். மேஜையை மாற்றினேன். அது அதே இடத்தில்தான் நின்றது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவள், ஒரு காசு வெள்ளி இல்லை என்பதற்காக ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிறேன். சின்ன வயதில் இரண்டு அண்ணன்மாரும் என்னைத் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று கேலி செய்வார்கள். எல்லா வீட்டிலும் கடைசிப் பிள்ளையை அப்படிச் சொல்வதுதான். அப்போதெல்லாம் கழுத்துக் காசைத் தூக்கிக் காட்டி, "உங்களுக்கு இருக்கது எனக்கும் இருக்கு, போங்கடா" என்பேன். அது நினைவுக்கு வந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

மதினியின் யோசனை

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி பின்கட்டில் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆசாரி என்ன சொல்றாரு?"

"மூணையும் ஒண்ணா உருக்க முடியாதுங்கிறாரு மதினி. அந்தத் தோல்ல இருக்க நிக்கல் வெள்ளியோட சேராது. சேர்த்து உருக்குனாலும் தகடாத் தட்டுறப்ப விரிசல் விட்டு விரிஞ்சு போகுமாம். ரெண்டை மட்டும் உருக்கித் தாரேன்ங்கிறாரு."

"அப்ப ரெண்டை உருக்கு. மூணும் போட்டாச்சுன்னு உங்கண்ணன்ட்ட சொல்லிரு. அம்புட்டுத்தான்."

"பொய் சொல்லவா?"

"ஏ தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக்காய் வாசமடிக்கிற கை என் மணிக்கட்டை விடவில்லை. "நாளைக்கு அந்த மனுசன் கார்ல ஏறணும். எனக்கு அது ஒண்ணு போதும். பொய்யோ மெய்யோ அந்தோணியார்ட்ட நான் பேசிக்கிறேன். நீ உன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

சரி என்றேன். அந்த நிமிஷம் மனசாரத்தான் சரி என்றேன். மதினியின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் வேறு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

முன்னறைக்குப் போனேன். அண்ணன் அதே நாற்காலியில், கால்மேல் போர்வையோடு, டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிலோ, முடிஞ்சுச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான் அண்ணே. சாயங்காலம் தாரேன்னு சொல்லிட்டாரு."

"உருக்கியாச்சா?"

"ம்."

"மூணையும்?"

நான் அந்தப் பக்கம் போய் ஜன்னலை மூடினேன். இந்தப் பக்கம் வந்து அதைத் திறந்தேன். காலண்டரை நேராக மாட்டினேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன்.

"ஏண்டி, கைப்பையை எதுக்கு இப்படி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத் திரியிற? உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"எடு."

செம்போடு பழகிய கை

காயில் கட்டும் கடைக்காரரிடம் செம்பை மறைக்க நினைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காசை வாங்கியவர் முகம் பார்க்கவில்லை, கழுகு பார்க்கவில்லை. கட்டைவிரலை ஓரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"செம்பு" என்றார்.

"ஆமா, செம்புதான்! போதுமா?" என்று வெடித்துவிட்டேன். பின்கட்டில் மதினி பாத்திரத்தைப் போட்ட சத்தம் கேட்டது. "உன் காசு வெள்ளி. சின்னவன் காசு பாதி வெள்ளி. என் காசு வெறும் செம்பு. போட்டா இருதயம் விரிஞ்சு போகுமாம். அதனால என்னைய விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் வெள்ளியாப் போய் அந்தோணியார் கால்ல கிடங்க. நாளைக்குக் கார் ஏறு. ஏறாட்டி நான் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போவேன்!"

மூச்சு வாங்கியது. நெஞ்சு சரியில்லாத மனுஷனிடம் இப்படியா கத்துவது என்று அப்புறம்தான் உறைத்தது.

அண்ணன் கத்தவில்லை. "மத்த ரெண்டையும் எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மடியில் மூன்றையும் வரிசையாக வைத்தார். தன் காசை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கினார். தலைவர் தலைக்கு மேலே, ஓரத்தை ஒட்டி, ஒரு சின்ன ஓட்டை. சின்னண்ணன் காசிலும் அதே இடத்தில் ஓட்டை. என் காசில் இல்லை. முதல் நாளிலிருந்து மூன்றையும் எத்தனை தடவை புரட்டியிருக்கிறேன், திராவகம் விட்டுப் பார்த்திருக்கிறேன், தண்ணீரில் தொங்கவிட்டிருக்கிறேன். செம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்த ஓட்டை தெரியவே இல்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் ஓட்டை போட்டுத்தான் கயிறு கோத்திருந்தா" என்றார் அண்ணன். மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். "வளையம் அப்புறம் வந்தது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ தொட்டில்ல கிடக்க. அப்பா அப்பத்தான் உன் காசைக் குடுத்துட்டுக் கப்பலுக்குப் போயிருந்தாரு. அம்மா எங்க கழுத்துல கிடந்ததக் கழட்டி, மூணையும் எடுத்துக்கிட்டுப் போனா. திரும்பி வரையில மூணுக்கும் வளையம். எனக்கு ஒரே அழுகை. கனமா இருக்கு, குத்துது, பழைய மாதிரி வேணும்னு. முதுகுல ஒண்ணு போட்டா. எதுக்கு வளையம்னு கேட்டதுக்குப் பதிலே சொல்லல."

காற்றில் காலண்டர் மறுபடி கோணிக்கொண்டது. நான் அதைப் போய்த் திருத்தவில்லை.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குடி" என்றார். "உன் காசுல இந்தச் சிவப்பப் பாத்திருக்கா. உனக்கு மட்டும் வளையம் போட்டா நாங்க கேலி பண்ணுவோம்னு எங்களுக்கும் சேத்துப் போட்டிருக்கா. ஓட்டை போட்ட காசுக்கு எவளாச்சும் வெள்ளியில வளையம் கட்டுவாளா? அதுவும் நம்ம அம்மா! பழைய சோத்தைக் கூட அளந்து வைக்கிறவ!"

அம்மா என்னிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. எப்போதும் "ஏய், உக்காரு", "ஏய், ஓடாத", "ஏய், வாய மூடு". இந்தத் தொடரிலேயே இரண்டு வாரம் அவளைத் திட்டி எழுதியிருக்கிறேன். அவள் என் காசின் ஓரத்தை மூடிவிட்டு, அதைச் சொல்லாமலே போயிருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

"தெரிஞ்சுதானே நேந்திருக்கா" என்றார் அண்ணன். "மூணு காசையும்னு தெரிஞ்சுதானே அந்தோணியார்ட்டச் சொன்னா? அப்ப மூணையும் போடு."

"விரிஞ்சு போகும் அண்ணே. ஆசாரி சொல்லிட்டாரு."

"விரிஞ்சா விரியட்டும்" என்றார். "என் நெஞ்சு மட்டும் முழுசாவா இருக்கு? உன்னை விட்டுட்டு அந்த இருதயத்தைக் கொண்டுபோய் வச்சு எனக்கு என்னத்துக்கு ஆயுசு?"

கதவோரம் மதினி நின்றுகொண்டிருந்தார். சேலை முந்தானையை வாயில் வைத்திருந்தார். என்னைத் திட்டுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

விரிசல்

கணேசன் ஆசாரி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பழனிக்கு வேலும் நம் கோயிலுக்கு இருதயமும் ஒரே கையால் செய்கிறவர். சாமிக்குப் போகிற சாமான் விரிசலோடு போனால் என் பேர் என்ன ஆகும் என்றார். "உங்க பேரை நான் காப்பாத்துறேன், நீங்க நெருப்பை மூட்டுங்க" என்றேன். வளையம் மூன்றும் வெள்ளிதான், அதையும் சேர்த்துப் போட்டால் கொஞ்சம் தாங்கும் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

உருக்குகிற மூசைக் கிண்ணத்தில் மூன்று காசையும் மூன்று வளையத்தையும் போட்டு, வெங்காரப் பொடி தூவி, நெருப்பைச் சீறவிட்டார். முதலில் தலைவர் முகம் போனது. அப்புறம் கழுகு. அண்ணன் காசும் சின்னண்ணன் காசும் தளர்ந்து பளபளவென்று ஓடின. என் காசு மட்டும் கடைசி வரைக்கும் அசையாமல் நின்றது. "வீம்பு பிடிச்ச காசா இருக்கு" என்றார் ஆசாரி. கடைசியில் அதுவும் இறங்கியது.

தட்டினார். சூடாக்கினார். தட்டினார். உள்ளங்கை அளவுக்கு இருதயம் உருவாகும்போது, கீழ்ப்பக்கத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது. ஆசாரி சுத்தியலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெள்ளி நிறமும் இல்லை அதற்கு. லேசாகச் சிவந்த, மாலை வெயில் பட்ட சுவர் மாதிரி ஒரு நிறம்.

"போதும் ஆசாரியாரே. இதுக்கு மேல தட்டாதீங்க."

கொடைரோடு தாண்டி

வியாழக்கிழமை விடிகாலையில் கோயில் திறந்திருந்தது. அண்ணன் இருதயத்தை வாங்கி விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தோணியார் காலடியில் வைத்தார். முழங்காலிட வேண்டாம் என்று மதினி சொன்னதைக் கேட்காமல் முழங்காலிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கினோம்.

கார் நான் ஓட்டினேன். மதினி பின்னால் ஜெபமாலையோடு. ஒட்டன்சத்திரத்திலிருந்து சின்னண்ணன் நேராக மதுரைக்கே வருகிறேன் என்றான். பாதி தூரம் வந்திருப்பான் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஆஸ்பத்திரிக் கதை. அதை மதினிதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வராந்தாவில் உட்காரச் சொன்ன நர்ஸ்களைத் திட்டியே பக்கம் தீர்ந்துவிடும். அண்ணன் பிழைத்தார். மெலிந்து திரும்பினார். இப்போது கடையில் உட்கார்ந்து பையன்களை விரட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் எனக்கு அந்த வராந்தா அவ்வளவாக நினைவில் இல்லை. சாலைதான் நினைவில் இருக்கிறது.

கொடைரோடு டோல்கேட்டைத் தாண்டியதும் வெயில் ஏறியது. சாலையோரத்தில் மல்லிகைக் கூடைகளோடு ஆட்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். லாரிகளை முந்திக்கொண்டு நான் பறந்துகொண்டிருந்தேன்.

"பிலோ."

"சொல்லு அண்ணே."

"எனக்குப் பயமா இருக்குடி."

இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டதில்லை. பின்னால் ஜெபமாலை நின்றுவிட்டது.

"எனக்கும்தான் அண்ணே" என்றேன்.

"அப்ப மெதுவாப் போ" என்றார்.

நான் மெதுவாகப் போனேன்.